வெள்ளிக்கிழமை போட வேண்டிய எச்சரிக்கை

பாப்பா,

நேற்று நீயும் மாப்பிள்ளையும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள். உனக்குப் பிடிக்குமே என்று அம்மா காலையிலேயே தேக்கா சந்தைக்குப் போய் நண்டு வாங்கி வந்திருந்தாள். நீ இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். மாப்பிள்ளை பூன் லேயில் உங்கள் பிளாக்குக்குக் கீழே புதிதாக வந்திருக்கும் நாசி லெமாக் கடையைப் பற்றிச் சொன்னார். நான் சம்பல் எப்படி என்று கேட்டேன். இப்படி ஊர்க்கதையெல்லாம் பேசினோம், பேச வேண்டியதை மட்டும் நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பா, அந்த வெப்சைட் அப்டேட் இன்னும் பண்ணல. இந்த வாரத்துக்குள்ள பண்ணிடுங்க" என்றாய். "சரிம்மா" என்றேன். லிஃப்ட் கதவு மூடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இதே "சரிம்மா"வை உன்னிடம் முன்பும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சொன்னபடி செய்யவில்லை. நேற்றுச் சொன்னபடியும் செய்யப்போவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன்னோடு மற்றவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே உனக்குத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நீ செய்யச் சொன்ன மாற்றங்கள் இரண்டு. உன் மென்பொருளுக்கான இணையதளத்தில் 'எங்கள் குழு' என்ற பக்கத்தில், புதிய பதிப்புகளை வெளியிடும் பொறுப்பாளர் என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு உன் குழுவில் இருக்கும் ஜெர்மனிக்காரர் பெயரைப் போட வேண்டும். பிறகு, போன பதிப்பில் நேர்ந்த பிழையைப் பற்றிய விளக்கத்தில், 'பொறுப்பாளரின் தனிப்பட்ட காரணங்களால் எச்சரிக்கை தாமதமாக வெளியானது' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இந்த வரி பொய். உன் பெயரை எடுப்பது அந்தப் பொய்யால் உனக்கு வந்த தண்டனை. இரண்டையும் என் கையாலேயே ஏற்றச் சொல்கிறாய்.

நீ செய்திருக்கும் பொருள் என்ன என்று அருளப்பனுக்கு விளங்கவைக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். தேக்காவில் வாரம் ஒரு நாள் என்னோடு காப்பி குடிக்கும் அதே அருளப்பன்தான். மனிதர் எழுதும் நிரலை எடுத்து, இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றிக் கொடுப்பது கம்பைலர் என்றேன். "அப்ப உன் வேலையேதான்னு சொல்லு. நீ கோர்ட்டுல செஞ்சத அவ கம்ப்யூட்டர்ல செய்றா" என்றார். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்த நான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்த விளக்கத்தை மனிதர் தேத்தாரே தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொல்லிவிட்டார். பிறகு, "என்ன விலைக்கு விக்கிறா?" என்று கேட்டார். விற்கவில்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம், ஓபன் சோர்ஸ் என்றேன். "சும்மாவா? நல்லா புள்ள வளர்த்திருக்க லா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு பெருமை என்பதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

அந்தக் கம்பைலர் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தொடங்கியது என்று நான் சொன்னால், "ஆரம்பிச்சிட்டாரு" என்று அம்மா எழுந்து போய்விடுவாள். ஆனாலும் அது உண்மை. நீ பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாய். "அப்பா, சாட்சி சொல்றதுல ஒரு வார்த்த உங்களுக்குப் புரியலன்னா என்ன செய்வீங்க? கெஸ் பண்ணிடுவீங்களா?" என்று கேட்டாய். "கையத் தூக்கி, புரியலன்னு ஜட்ஜ்கிட்ட சொல்லுவேன். மறுபடி கேக்கச் சொல்லுவேன். நானா ஊகிச்சுச் சொன்னா, தப்பா ஊகிச்சேன்னு யாருக்கும் தெரியாதும்மா. அதான் ஆபத்து" என்றேன். நீ சோற்றைப் பிசைந்தபடியே வெகுநேரம் யோசித்தாய். பிறகு நீ எழுதத் தொடங்கியபோது அதையே முதல் விதியாக வைத்தாய். புரியாத இடம் வந்தால் கம்பைலர் நின்றுவிட வேண்டும், எங்கே நின்றது என்று சொல்ல வேண்டும், ஊகிக்கக் கூடாது. இணையதளத்தின் முகப்பில் அந்த விதி இன்றைக்கும் இருக்கிறது. அதற்குக் கீழே உன் பெயர் இருக்கிறது. நான் தினமும் காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது வேலைக்காக மட்டும் என்று நீ நினைத்திருந்தால், நீ இன்னும் அப்பனைப் புரிந்துகொள்ளவில்லை.

இன்னொன்றையும் நீ மறந்திருக்க மாட்டாய். அப்போது நாம் மார்சிலிங்கில் இருந்தோம், நீ தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாய். ஒருவரைத் தள்ளிக் காயப்படுத்தியதாக ஒரு இளைஞன் மேல் வழக்கு. கேட்ட கேள்விக்கு அவன், "ஆமா, நான்தான் புடிச்சுத் தள்ளுனேன்" என்று முணுமுணுத்தான். நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னேன். அவன் நம் பிளாக்குக்காரன் என்பதே எனக்கு அப்போது தெரியாது. பிறகு ஒரு நாள் லிஃப்ட்டில் அவனுடைய தாயார் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அந்த ஒரு வார்த்தைய மட்டும் கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கக் கூடாதாங்க?" என்று கேட்டார். "அது என் வார்த்தை இல்லைங்கம்மா, உங்க மகன் வார்த்தை" என்றேன். அதற்குப் பிறகு நான் இருக்கும் லிஃப்ட்டில் அவர் ஏறியதே இல்லை. அவர் கேட்ட அன்று ராத்திரி இதை நான் உனக்கும் அம்மாவுக்கும் சொன்னேன். வருத்தப்பட்டுச் சொன்னதாகத்தான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால், பீற்றிக்கொண்டுதான் சொல்லியிருக்கிறேன். ஊரார் பிள்ளை விஷயத்தில் ஒரு சொல்லைக்கூட மெதுவாக்காத மனிதன், தன் பிள்ளை என்று வந்தபோது என்ன செய்தான் என்பதை அந்தத் தாயார் கேட்க வேண்டும்.

நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து, அம்மா கழுவி வைத்த பாத்திரங்களைத் திரும்ப அடுக்கி அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்த நாட்களில், நீதான் என்னைக் காப்பாற்றினாய். "அப்பா, எங்க வெப்சைட்ல இங்கிலீஷ் ரொம்ப மோசமா இருக்கு. எல்லாரும் கோட் எழுதத்தான் வராங்க, இத யாரும் தொட மாட்டேங்குறாங்க. நீங்க பாத்துக்கறீங்களா?" என்றாய். மாற்றத்தை எப்படி எழுதுவது, எப்படிச் சேமிப்பது, இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு எப்படி ஏற்றுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாய். முதல் வாரத்திலேயே நான் பதிவிறக்கப் பட்டனைத் தெரியாமல் அழித்துவிட்டேன். அன்று பிற்பகல் முழுவதும் உலகத்தில் ஒருவராலும் உன் கம்பைலரை எடுக்க முடியவில்லை. நான் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஜெர்மனிக்காரரோ, வந்த வாரத்திலேயே உலகத்தை நிறுத்திய ஆள் என்று என்னைக் குழுவுக்கு அறிமுகப்படுத்தினார். அதன் பிறகு நான் நன்றாகத்தான் செய்தேன். செத்துப்போன இணைப்புகளைத் தேடித் தேடித் திருத்தினேன். பாடங்களைத் திரும்ப எழுதினேன். யாரும் கேட்காமலேயே ஒரு தமிழ்ப் பக்கமும் சேர்த்தேன். அதைப் படிக்க யாரும் வருவதில்லை என்று எண்ணிக்கை காட்டுகிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். நம் புக்கிட் பாஞ்சாங் வீட்டுத் தாழ்வாரத்தில் முகூர்த்தக்கால் நட்டு, மண் வாளியில் அது சாயாமல் நிற்கக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தோம். கூடம் முழுக்கப் பெண்கள். சிராங்கூன் சாலையிலிருந்து வந்த பெண் உனக்கு மருதாணி போட்டு முடித்திருந்தாள். இரண்டு கையும் முழங்கை வரை. நீ கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கு அரித்தால்கூட அடுத்தவரைச் சொறிந்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தாய். அப்போதுதான் பிரேசிலிலிருந்து உன் குழுவைச் சேர்ந்த ஓர் அம்மாள் கூப்பிட்டார். நான் தொலைபேசியை உன் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். உன் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்த வாரம் வெளியிட்ட புதிய பதிப்பில் கோளாறு. சில பெரிய கணக்குகளைக் கொடுத்தால் விடையைத் தவறாகத் தருகிறது. நிற்கவும் இல்லை, தவறு என்று சொல்லவும் இல்லை. ஊகிக்கக் கூடாது என்று எதற்காக விதி வைத்தாயோ, அதுவே நடந்துவிட்டது. "வெப்சைட்ட நான் பாத்துக்கறேன், நீங்க பிழைய கண்டுபிடிங்க" என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "அப்பா, என் லேப்டாப்ப எடுங்க" என்றாய்.

நீ சொல்லச் சொல்ல நான் அடித்தேன். உன் கணினி, உன் கணக்கு, உன் பெயர். முகப்பின் உச்சியில் சிவப்புப் பட்டை. 'இந்தப் பதிப்பை எடுக்க வேண்டாம். சில கணக்குகளில் விடை தவறாக வருகிறது. எடுத்தவர்கள் முந்தைய பதிப்புக்குத் திரும்புங்கள்.' நான் திரும்ப வாசித்துக் காட்டினேன். "கரெக்ட். அப்ரூவ் பண்ணி ஏத்திடுங்கப்பா, எனக்குக் கை காயணும்" என்றாய். வழக்கமாக இன்னொருவர் பார்க்காமல் எதையும் ஏற்றக் கூடாது என்பது உங்கள் விதி. அவசர எச்சரிக்கைக்கு மட்டும் பொறுப்பாளரே ஏற்றலாம். அந்தப் பொறுப்பை மருதாணிக் கைகளோடு என்னிடம் கொடுத்தாய். நான் "சரிம்மா" என்றேன். கணினியை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனேன். தாம்பாளம் எடுக்க வந்த அம்மா என்ன விஷயம் என்று கேட்டாள், சொன்னேன். "இன்னைக்கா? முகூர்த்தக்கால் நட்டாச்சுங்க. இந்த வீட்டுலேருந்து கெட்ட சேதி போகக் கூடாது. தாலி ஏறட்டும், அப்புறம் போடலாம்லா" என்றாள். அம்மா சொன்னதால் நிறுத்தினேன் என்று எழுதினால் எனக்கு எளிது. ஆனால் அவள் அறைக்குள் வருவதற்கு முன்பே என் விரல் நின்றுவிட்டிருந்தது. அவள் வாயால் சொன்னதை நான் மனத்தால் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மனத்தில் இன்னொன்றும் இருந்தது. அந்த வாரம் சம்பந்தி என்னோடு பேசும்போது, ஈப்போவிலிருந்து வரும் தன் அண்ணன்மார்களுக்கு மருமகளின் இணையதளத்தைக் காட்டப்போவதாகச் சொல்லியிருந்தார். 'உலகம் முழுக்க இருக்குறவங்க இவ செஞ்சத யூஸ் பண்றாங்கன்னா அவங்க நம்ப மாட்டேங்குறாங்க' என்றார். அவர் அதைத் திறந்து காட்டும்போது உச்சியில் சிவப்புப் பட்டை, அதில் 'தவறு' என்ற சொல், கீழே உன் பெயர். நல்ல நாளில் உன் தலைக்கு மேல் அப்படி ஒன்று தொங்க வேண்டுமா என்று எனக்கு இருந்தது. இரண்டு நாளில் என்ன ஆகிவிடும், சனி ஞாயிறில் யார் வேலை செய்யப்போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எழுதியதைச் சேமித்து வைத்துவிட்டு மூடியை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கோயிலுக்குக் கிளம்பும் முன், தலைநிறையப் பூவோடு நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டாய். ஆசீர்வாதம் வாங்கத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன். "அப்பா, வெப்சைட்ல போட்டாச்சுல்ல?" என்றாய். அந்த நாளிலும் உனக்கு அந்த நினைப்பு. "ஆச்சும்மா" என்றேன். அவ்வளவுதான். நீ நிம்மதியாகத் திரும்பிப் போனாய். உன் வாழ்க்கையில் நான் உன்னிடம் சொன்ன முதல் பொய் அது என்று சொல்ல மாட்டேன், அப்பா அம்மா சொல்லும் சின்னச் சின்னப் பொய்கள் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் வேலை விஷயத்தில், ஒருவர் ஆமாவா இல்லையா என்று நேருக்கு நேர் கேட்டபோது, நான் சொன்ன ஒரே பொய் அதுதான். தாலி ஏறியது. பந்தியில் சம்பந்தி கைத்தொலைபேசியை உயர்த்தி அண்ணன்மார்களுக்கு இணையதளத்தைக் காட்டினார். பளிச்சென்று இருந்தது பக்கம். ஒரு பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நல்லவேளை போடாமல் இருந்தேன் என்று நினைத்துக்கொண்டு, இலையில் இருந்த பாயசத்தை வழித்துச் சாப்பிட்டேன். வந்தவர்களை வழியனுப்பி, பாத்திரம் பண்டம் வீடு வந்து சேர்ந்து, திங்கட்கிழமை காலையில்தான் உன் காலி அறையில் உட்கார்ந்து அந்தப் பட்டனை அழுத்தினேன்.

ஹனோயிலிருந்து ஒரு மாணவி எழுதியது அதற்குச் சில வாரங்கள் கழித்து. ஆற்று வெள்ளம் எவ்வளவு உயரத்துக்கு ஏறும் என்று கணக்கிடும் ஆய்வு அவளுடையது. கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை புதிய பதிப்பை எடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கணக்கை ஓட்டி, அன்று மாலையே ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டாள். சம்பந்தி பந்தியில் தொலைபேசியை உயர்த்திய நேரத்தில் அவள் கணக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எண்கள் ஒத்துவரவில்லை என்று தேர்வாளர்கள் ஏட்டைத் திருப்பிவிட்டார்கள். அடுத்த பருவத்தில்தான் மறுபடி சமர்ப்பிக்க முடியும். பட்டத்தை நம்பி அவளுக்காக வைத்திருந்த வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. இவ்வளவையும் எழுதிவிட்டு அவள் கோபப்படவில்லை. குழுவின் பொதுப் பக்கத்தில் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள். 'எடுப்பதற்கு முன் உங்கள் இணையதளத்தைப் பார்த்தேன். எச்சரிக்கை எதுவும் எனக்குத் தெரியவில்லை. நான் எதையாவது கவனிக்கத் தவறிவிட்டேனா?' தன்மேல்தான் பிழையோ என்று கேட்கிறாள். எத்தனையோ சாட்சிகளின் சொற்களை நான் மொழிபெயர்த்திருக்கிறேன் பாப்பா, ஒரு சொல்கூட என் வீட்டுக்குள் வந்ததில்லை. இது வந்துவிட்டது.

நீ அப்போது லங்காவியில் இருந்தாய். தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் கிடைத்த லீவில் மாப்பிள்ளையோடு போயிருந்தாய். அங்கிருந்து கூப்பிட்டாய். "அப்பா, வெள்ளிக்கிழமைதானே போட்டீங்க? வெப்சைட் ஹிஸ்டரில திங்கக்கிழமைன்னு காட்டுது." தொலைபேசியில் கடல் சத்தம்தான் கேட்டது. "சரி விடுங்க. நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாய். ஏன் என்று கேட்பாய், திட்டுவாய், அழுவாய் என்று காத்திருந்தேன். நீ அதையெல்லாம் செய்யாமல், பொதுப் பக்கத்தில் 'தாமதம் என்னுடையது. அன்று எனக்குத் திருமணம். மன்னிக்கவும்' என்று எழுதினாய். உன் கணக்கிலிருந்து ஏற்றியது என்பதால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. பலர் வாழ்த்துச் சொன்னார்கள். சிலர் முகத்தில் அடித்தாற்போல் எழுதினார்கள். கல்யாண வேலையில் எச்சரிக்கையை மறந்துவிடுபவரிடம் இவ்வளவு பெரிய பொறுப்பு இருக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அதற்கு ஜெர்மனிக்காரராலும் மறுப்புச் சொல்ல முடியவில்லை. நீயே விலகுவதாக எழுதிவிட்டாய். சம்பந்திகூட எனக்குத் தொலைபேசி போட்டு, "சின்னப் பொண்ணு, கல்யாண டென்ஷன்ல மறந்துட்டா. நீங்க மனசுல வச்சுக்காதீங்க சம்பந்தி" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். நான் "ஆமாங்க" என்றேன். என் மகள் எதையும் மறக்கவில்லை, மணமேடைக்குப் போகும்போதுகூடக் கேட்டுவிட்டுத்தான் போனாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏன் இப்படிச் செய்தாய் என்று நான் கேட்டபோது நீ சொன்ன பதிலை மறக்க முடியவில்லை. "உங்க பேரு வெளிய வந்தா உங்கள எடுத்துடுவாங்கப்பா. எனக்கு வயசு இருக்கு, நான் திரும்ப ஏறி வந்துடுவேன். உங்களுக்கு இத விட்டா என்னப்பா இருக்கு?" நீ அன்பாகத்தான் சொன்னாய். எனக்கோ சுருக்கென்று தைத்தது. என்னிடம் வேறு ஒன்றும் மிச்சமில்லை என்று முடிவு கட்டி, நீ கட்டி எழுப்பியதை எனக்குப் பிச்சையாகப் போடுகிறாய் என்று கோபம்கூட வந்தது. அந்தக் கோபத்தில்தான் இவ்வளவு நாளும் அந்த மாற்றங்களைத் தொடாமல் கிடப்பில் போட்டிருந்தேன். கோபம் தணிந்த பிறகுதான் விளங்கியது, நான் உனக்குச் செய்ததைத்தானே நீ எனக்குத் திரும்பச் செய்கிறாய். உன் நல்ல நாளைக் காப்பாற்றுகிறேன் என்று நான் மறைத்தேன். என் வயதான காலத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நீ மறைக்கிறாய். இரண்டுக்கும் நடுவில், ஹனோயில் ஒரு பெண், தான் எதைக் கவனிக்கத் தவறினோம் என்று தேடிக்கொண்டிருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நம் வீட்டில் அன்பு என்ற பெயரில் அதைப் பரிமாறிக்கொள்கிறோம்.

கல்யாணமான பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்லி எழுதுவது வழக்கம். எனக்கு இப்போது அந்த யோக்கியதை குறைவு, இருந்தாலும் ஒன்றைச் சொல்கிறேன். மாப்பிள்ளையிடமும் நீ இந்தப் பொய்யைத்தான் சொல்லி வைத்திருக்கிறாய். நேற்று நாம் சாப்பிடும்போது அவர் இயல்பாக, "அவ அன்னைக்கு ரொம்ப பிசிலா, மாமா" என்றார். நீ குனிந்து நண்டை உடைத்தாய். குடும்பம் தொடங்கும்போதே என் பொருட்டு ஒரு பொய்யைக் கூடத்தில் உட்கார வைத்துக்கொள்ளாதே. அது சும்மா உட்கார்ந்திருக்காது, தினமும் சோறு கேட்கும். ஒருவரைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றினால், முதலில் அவரிடம் கேட்டுவிடு. நான் உன்னிடம் கேட்டிருந்தால், மருதாணிக் கையோடு எழுந்து வந்து நீயே மூக்கால் அழுத்தியிருப்பாய். நீ என்னிடம் கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேன். கேட்காமல் செய்கிற உதவிதான் நம் குடும்ப வியாதி. உன் அம்மா இதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "புள்ளையே விட்டுட்டா, நீங்க ஏன் கெளறுறீங்க? அவ பேரு இப்ப கெட்டுப்போச்சு, அப்புறம் உங்க பேரும் கெடணுமா?" என்கிறாள். அவள் பேரு கெட்டது என்னால்தான் என்று சொன்னால், அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

அந்த மாணவிக்கு நான் தனியாக எழுதினேன். அவள் எதையும் கவனிக்கத் தவறவில்லை, பிழை என்னுடையது என்று எழுதினேன். தேர்வாளர்களுக்குக் காட்ட உதவுமானால் என் கையெழுத்தோடு எதையும் எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். இதுவரை பதில் இல்லை. அவள் எழுதத்தான் வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை. போன வேலை போனதுதான். அதை என்னால் திருப்பித் தர முடியாது என்பதோடுதான் இனி நான் தூங்கி எழ வேண்டும். ஆனால் பொதுப் பக்கத்தில் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் பொதுப் பக்கத்திலேயே வர வேண்டும். அதனால் இன்று காலை இணையதளத்தில் நான் ஒரு மாற்றத்தை எழுதிச் சேமித்திருக்கிறேன். இந்த முறை என் கணக்கில், என் பெயரில். நீ கொடுத்த வரிக்குப் பதிலாக இப்படி எழுதியிருக்கிறேன். 'எச்சரிக்கையைப் பொறுப்பாளர் வெள்ளிக்கிழமையே எழுதி, வெளியிடச் சொல்லிவிட்டார். இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் நான், அவருடைய தந்தை, அதைத் தெரிந்தே திங்கட்கிழமை வரை நிறுத்திவைத்தேன். அவருடைய திருமண நாளில் அவர் பெயரோடு கெட்ட செய்தி சேரக் கூடாது என்று நினைத்தேன். வெளியிட்டுவிட்டதாக அவரிடமும் பொய் சொன்னேன். எடுப்பதற்கு முன் எங்கள் பக்கத்தைப் பார்த்தவர்கள் எதையும் கவனிக்கத் தவறவில்லை.' குழுப் பக்கத்தில் உன் பெயரை நான் தொடவில்லை, என் பெயரை மட்டும் எடுத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் அதே மாற்றத்தில், தமிழ்ப் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன். ஆள் வராத பக்கம்தான், ஆனாலும் கதவு திறந்திருக்கும்.

வலிக்காது என்று சொல்ல மாட்டேன். காலையில் எழுந்தால் அந்தப் பக்கத்தைத் திறக்கிற கை, இனி எதைத் திறக்கும் என்று தெரியவில்லை. சம்பளம் இல்லாத வேலை போனதற்கா இந்த மூஞ்சி என்று அருளப்பன் கேட்பார், காப்பியும் வாங்கித் தருவார். பாத்திரத்தை அடுக்கி அம்மாவிடம் திட்டு வாங்குவேன். அது என் பாடு. அதிலிருந்து என்னைக் காப்பாற்றுவது உன் வேலை இல்லை.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் எந்த மாற்றமும் ஏறாது என்பது உங்கள் விதி. ஜெர்மனிக்காரரிடம் கேட்டால் அவர் உடனே ஏற்றிவிடுவார். அவரிடம் நான் கேட்கவில்லை. அவர் ஏற்றினால், நீ சொன்ன பொய்யை உன் அப்பன் அம்பலப்படுத்தியதாக ஆகிவிடும். நீயே ஏற்றினால், நீ சரிசெய்ததாக ஆகும். அதனால் ஒப்புதல் கேட்கும் இடத்தில் உன் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை நீ எனக்குச் சொன்னதையே இப்போது நான் உனக்குச் சொல்கிறேன், பாப்பா. படித்துப் பார். சரியாக இருந்தால் ஏற்றிவிடு. உன் கையில் இப்போது மருதாணி இல்லை.

அப்பா